காற்றைப் பிடிக்க ஒரு மண்சட்டி

சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்த்தது உம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் பரணியை. இரண்டாவதாகப் பார்த்தது ஒரு கிலோ வெள்ளைத் தூளை. மலேசியாவில் வெள்ளைத் தூளோடு இறங்குகிறவனுக்கு என்ன ஆகும் என்று விமானத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தத் தாளின் பின்பக்கத்தில் மின்னோட்டக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன்.

கிளாபர் உப்பு, சோடியம் சல்பேட், ரசாயனச் சோதனைக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். நம்பவில்லை. சரி, தின்று காட்டுகிறேன் என்று ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டு விழுங்கினேன். இரண்டு அதிகாரிகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினார்கள். வரிசையில் பின்னால் நின்ற தமிழர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இவனை விட்டுடு, இன்னும் ஒரு மணி நேரத்துல இவனுக்கு வேற வேலை வந்துடும்னு சொல்றாங்க.”

கிளாபர் உப்பு பேதி மருந்தும்கூட என்பதை எம்.எஸ்.ஸி. வரை படித்த நான் மறந்திருந்தேன். கோலா சிலாங்கூர் பஸ் பாதி வழி போவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓட்டுநர் முகம் சுளிக்காமல் நிறுத்தினார். எங்கள் நாகூர் பஸ்ஸாக இருந்தால் நடத்துநர் என் குலம் கோத்திரம் வரை விசாரித்திருப்பார். ஆனால் இரண்டாம் முறை இறங்கியபோது, மடியிலேயே வைத்திருந்த கைலி மூட்டையை இருக்கையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அதன் மேல் ஒரு கூடை டுரியான், பலாவைப் போல முள் தோல் போட்ட பழம், உட்கார்ந்திருந்தது.

மூட்டைக்குள் இருந்தது ஒரு சின்ன மண்சட்டி. ஆறு மாதம் சோதித்துத் தேர்ந்தெடுத்த சட்டி. கைலியைப் பிரித்தால் ஓடு. கூடைக்காரர் பதறிப்போய், பரிகாரமாக ஒரு டுரியானைப் பிளந்து நீட்டினார். என் வயிறு இருந்த நிலையில் அதை மறுத்ததற்காக அவர் மனம் புண்பட்டிருக்கலாம்.

இவ்வளவு பத்திரமாகச் சட்டியை ஏன் கடல் கடந்து கொண்டுபோனேன் என்று சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் ஒரு மண்சட்டி, சட்டிக்குள்ளும் அதே உப்புத் தண்ணீர். வெளியே ஓர் எவர்சில்வர் தகடு, உள்ளே பழைய பேட்டரியின் ஈயத் தகடு. மின்சாரத்தைப் பாய்ச்சினால் உப்பு இரண்டாகப் பிரியும். வெளியே காரம், உள்ளே அமிலம். மின்சாரத்தை மட்டும் போகவிட்டு, இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்க விடாமல் நிறுத்துவதுதான் சட்டியின் வேலை. அந்தக் காரத்தைத் துணியில் நனைத்துக் காற்றில் தொங்கவிட்டால், காற்றில் கலந்திருக்கும் கரியமில வாயுவை அது பிடித்துக்கொள்ளும். பிறகு அமிலத்தை ஊற்றினால் வாயுவை விட்டுவிட்டு மறுபடி பழைய உப்பாகிவிடும். அதே உப்பை மறுபடி ஓட்டலாம். செலவாவது மின்சாரம் மட்டும்.

ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இந்த வேலைக்கே உதவியாளனாகச் சேர இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதற்குள் மாமாவைப் பார்த்து, உம்மாவின் ஊறுகாயைக் கொடுத்துவிட்டு வா என்று வாப்பா அனுப்பி வைத்தார். எதற்காக அனுப்பினார் என்பது கோலா சிலாங்கூரில் முதல் சாயங்காலமே தெரிந்துவிட்டது.

காதர் மாமா உம்மாவின் அண்ணன். ஆற்றோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ரொட்டி சானாயைக் கல்லில் வீசுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். நம் ஊர் பரோட்டாவின் தம்பிதான், ஆனால் வெளிநாடு போய் மெலிந்து மிருதுவானவன். தேநீரை ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து இழுக்கிறார்கள். ஒரு சொட்டு தரையில் விழவில்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா என் தோளில் கை போட்டு, கல்லாவில் இருக்கும் பெரியவர் வருகிற வெள்ளிக்கிழமையோடு ஊருக்குப் போகிறார் என்றும், ஜும்மா முடிந்ததும் நான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியது என்றும், எல்லாம் என் வாப்பாவோடு கடிதத்தில் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார்.

தேநீர் டம்ளரைக் கீழே வைத்தேன். ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். காற்றைப் பற்றிச் சொன்னேன். கடையே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்.

“மருமவனே, காத்துல இருந்து வாயு எடுக்கப் போறேங்கிறே. காத்தே வாயுதானேடா” என்றார் மாமா. பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு.

நூறு கிலோ அரிசி மூட்டையில் ஒரு கைப்பிடி கறுப்பரிசி கலந்திருந்தால் எப்படியோ அப்படித்தான் இந்த வாயு காற்றில் இருக்கிறது, அதைத் தனியே பொறுக்குவதுதான் வேலை என்றேன். உலகம் கரியும் பெட்ரோலும் எரிக்க எரிக்க அந்தக் கைப்பிடி பெருகுகிறது, பூமி சூடேறும் என்றேன். கோலா சிலாங்கூரில் இதற்கு மேல் என்ன சூடு வரப்போகிறது என்று ரொட்டி வீசுகிறவர் கேட்டார்.

மாமா மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். “சரி. வியாழக்கிழமைக்குள்ளே என் கண்ணு முன்னால எடுத்துக் காட்டு. காட்டினா நீ போகலாம். காட்டாட்டி வெள்ளிக்கிழமை கல்லா. பேச்சு ஒண்ணுதான்.”

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டி தேடிக் கிளம்பினேன். மாமா கடைக்குக் கோழியும் தேங்காயும் கொண்டுவரும் லோரிக்காரர் ஆறுமுகம் அண்ணன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் வீடு கட்டியிருப்பவர். ஊர்ப் புறத்தில் தமிழ்க் குயவர் வீடுகள் இருக்கின்றன என்று அவர் சொன்னபோது நம்ப முடியவில்லை. போய்ப் பார்த்தால் முற்றம் முழுக்கச் சட்டியும் பானையும். சக்கரத்தில் இருந்த அக்கா கண்ணை எடுக்காமலே எது வேண்டும் என்று கேட்டார். பூச்சு இல்லாமல், அதிகம் வேகாமல், தண்ணீர் ஊற்றினால் வேர்க்கிற சட்டி வேண்டும் என்றேன். எல்லாரும் ஒழுகாத சட்டிதான் கேட்பார்கள் என்றார், ஆனால் சரியான சட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஆறுமுகம் அண்ணன் லோரியின் மாற்று பேட்டரியைத் தந்தார். பழைய பேட்டரியை உடைத்து ஈயத் தகடும் எடுத்துக் கொடுத்தார். கம்பத்து நண்பர்கள் (கம்பம் என்றால் மலாயில் கிராமம்) மின்மினிப் பூச்சி பார்க்கப் படகில் கூப்பிடுவதாகவும், இந்த ஊருக்கு வந்து அதைப் பார்க்காதவன் வந்ததாகவே கணக்கில்லை என்றும் சொன்னார். எனக்கு நேரமில்லை என்றேன். அண்ணன் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

திங்கட்கிழமை கடையின் பின்கட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, கம்பியைப் பொருத்தினேன். அம்மீட்டர் முள் அசையவில்லை. கம்பியைச் சுரண்டினேன், தகட்டைத் தேய்த்தேன், உப்பைக் கூட்டினேன். முள் ஒரு நூல் அசைந்து படுத்துக்கொண்டது. ஊரில் மூன்று ஆம்பியர் சிரித்துக்கொண்டே காட்டிய அம்மீட்டர். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கை கழுவும் இடம் அங்கேதான். கல்லாப் பெரியவர் வந்து, நாற்காலியில் முதுகு வலிக்கும், இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக்கொள் என்று ரொம்ப அக்கறையாகச் சொன்னார். அன்று நான் சாப்பிட்ட மீன் தலைக் கறி எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டை போடவே போனேன். மண் சரியில்லை என்று குயவர் அக்காவிடம் சொன்னேன். இப்படிப்பட்ட வார்த்தையை அந்த முற்றத்தில் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. சக்கரம் நின்றது. அக்கா எழுந்து வந்து சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி மணையில் வைத்தார். பத்து நிமிடம் நானும் அவரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் இன்னொரு புதுச் சட்டியிலும் ஊற்றி வைத்திருந்தார். அது புறமெல்லாம் வேர்த்துவிட்டது. என்னுடையது காய்ந்த தரை போல இருந்தது.

அக்கா என் சட்டியின் உட்புறத்தை விரலால் தடவி முகர்ந்தார். “என் சட்டி வேர்க்கும் தம்பி. இதை யாரோ பழக்கிட்டாங்க. கஞ்சி வாடை அடிக்குது பாருங்க.”

முகர்ந்தேன். கஞ்சியும் தேங்காய் எண்ணெயும்.

காதர் மாமாவின் மனைவி ஜொஹரா மாமிதான். ஞாயிறு சாயங்காலம் மருமகன் புதுச் சட்டி வாங்கி வந்திருக்கிறானே, பழக்காமல் எப்படி அடுப்பில் வைப்பான், பாவம் ஆண்பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்து, எண்ணெய் தடவி, வடிகஞ்சி ஊற்றி, இரண்டு தடவை நிதானமாகக் கொதிக்க வைத்து, கவிழ்த்து ஆறவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறார். புதுச் சட்டி வாங்கிய எந்த வீட்டிலும் செய்வதுதான். என் உம்மாவும் இதைத்தான் செய்திருப்பார். மின்சாரம் போக வேண்டிய ஒவ்வொரு நுண்துளையிலும் கஞ்சி அடைத்திருந்தது. மின்வேதியியல் புத்தகம் எதிலும் மாமிகளைப் பற்றி எச்சரிக்கை கிடையாது.

நான் சொன்னதும் மாமி வாயில் கை வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபப்பட வழியே இல்லை. நல்லதாகப் போயிற்று, பழக்கின சட்டியில் மீன் குழம்பு வையுங்கள், நான் வேறு வாங்கி வந்துவிட்டேன் என்றேன். அன்று மாலையிலிருந்து புதுச் சட்டிக்கு மாமியே காவல். பாத்திரம் கழுவுகிறவர் அதன் பக்கம் திரும்பினால்கூட அதட்டல் விழுந்தது. குழம்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை கம்பியைத் தொட்டதும் முள் குதித்துப் போய் மூன்றில் நின்றது. மதியத்துக்குள் காரமும் அமிலமும் தயார். மாமாவின் பழைய கைலியைக் காரத்தில் நனைத்து, மேசை விசிறி முன்னால் தொங்கவிட்டு, ஒழுகிய தண்ணீரைப் பிடித்து அமிலம் ஊற்றினேன். பொங்கியது. நான் ஆடிய ஆட்டத்தை ரொட்டி வீசுகிறவர் இன்னும் நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் ஆறுமுகம் அண்ணனின் தங்கை கமலா வந்தாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் குழாயும் புட்டியுமாக இருக்கிறவள். அண்ணன் சொன்னதை நம்பாமல் நேரில் பார்க்க வந்திருந்தாள். நான் நுரையைக் காட்டினேன். அவள் நுரையைப் பார்க்கவே இல்லை. திரும்பி, எட்டு அடி தள்ளி எரிந்துகொண்டிருந்த ஆறு அடுப்புகளைப் பார்த்தாள்.

“எல்லாம் ஓகே லா. ஆனா நீங்க பிடிச்சது காத்துல உள்ளதா, இல்ல மாமி அடுப்புல இருந்து வந்ததா? எப்படிச் சொல்வீங்க?”

நான் விசிறியை அடுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

“அப்புறம் பிளாங்க் எங்கே?” என்றாள். காற்றே படாத காரம் ஒரு பாட்டிலில் தனியாக இருக்க வேண்டும், அதிலும் அதே அமிலத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும், அது பொங்காமல் இருந்தால்தான் இது பொங்கியதற்கு அர்த்தம். எங்கள் பேராசிரியர் ஒருவர்கூட இவ்வளவு சுருக்கமாக என்னை வாயடைக்க வைத்ததில்லை. மாமா கல்லாப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ரசாயனம் தெரியாது. ஆனால் வியாபாரி, எதிர்க்கேள்விக்குப் பதில் இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

மறுநாள் வியாழன். ஒவ்வொரு வியாழனும் மாமா ஆறுமுகம் அண்ணன் லோரியில் பாகான் நக்கோடா ஓமாருக்குப் போய் இறால் வாங்கி வருவார். கடலோர மீனவர் ஊர். அடுப்பு இல்லை, ஆலை இல்லை, நீரிணை தாண்டி வருகிற காற்று. நானும் வருகிறேன் என்றேன். கமலாவும் தனக்கு ஓய்வு நாள்தான் என்றாள். அவள் என்னைக் காப்பாற்ற வருகிறாளா, கவிழ்க்க வருகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு புரிந்தது.

புதன் சாயங்காலமே, அடுப்புப் புகை எட்டாமல் கடைக்கு முன்புறம், புதிதாக ஓட்டினோம். பேசினைப் பலகையால் மூடி, மின்சாரம் பாயும்போது தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் வெளியேற மட்டும் ஒரு துளை. கிடைத்த காரத்தைச் சமமாக இரண்டு பிஸ்கட் பாட்டில்களில் ஊற்றி, கமலா தன் கையால் மெழுகு வைத்து மூடி, மெழுகின் மேல் நகத்தால் கையெழுத்துப் போட்டாள். அமிலம் இரண்டு ஜாடியில், அதுவும் சமமாக.

விடிந்ததும் கிளம்பினோம். மாமா முன்னால், நாங்கள் இருவரும் பின்னால் காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஆளுக்கொரு பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. வழியெல்லாம் வயல். தஞ்சாவூரைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தது போல. களத்துமேட்டில் மட்டும் ஆள் கூட்டம் இல்லை, இயந்திரம் நின்றது. நடுவில் டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. காற்றைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு டயரில் அடிக்கக் காற்று இல்லை என்று மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சைக்கிள் கடைச் சீனர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். பாகான் போய்ச் சேர பத்து மணி தாண்டிவிட்டது.

வலை காயப்போடும் கம்புகளில் மூன்று கைலிகளைக் கட்டினோம். ஒரு பாட்டிலை மட்டும் திறந்து பேசினில் ஊற்றி, அகப்பையால் மொண்டு மொண்டு துணியின் மேல் விட்டுக்கொண்டே இருந்தோம். ஒழுகுவது மறுபடி பேசினில். இரண்டு மணி நேரம். முகத்தில் அறைகிற கடற்காற்று, சோப்புத் தண்ணீர் போல வழுக்கும் விரல்கள். கமலா கைக்குக் கையுறை கொண்டுவந்திருந்தாள். நான் கொண்டுவரவில்லை.

மீனவர்கள் கூடிவிட்டார்கள். என்ன பிடிக்கிறீர்கள் என்று ஒருவர் மலாயில் கேட்டார். காற்று என்றார் ஆறுமுகம் அண்ணன். அவர் கைலி கட்டிய கம்புகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கே அதைப் பிடிக்க இவ்வளவு கஷ்டப்பட வேண்டாமே, படகில் ஏறினால் அதுவே நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்றாராம். அண்ணன் மொழிபெயர்ப்பதற்குள் நான்கு முறை சிரித்தார். பிறகு அந்த மனிதர்தான் வீட்டிலிருந்து சோறும் மிளகாயில் புரட்டிய இறாலும் கொடுத்தனுப்பினார். நின்றபடியே, அகப்பை பிடிக்காத கையால் தின்றேன்.

துணிகளைப் பிழிந்து, அந்தக் காரத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றியதும் மாமா இறால் கணக்கை விட்டுவிட்டு வந்தார். அமிலத்தை நானே ஊற்றுகிறேன் என்றார். யாருடைய கையையும் அவர் நம்புவதில்லை. கமலா மெழுகை எல்லாருக்கும் காட்டிவிட்டு உடைத்தாள்.

முதலில் காற்றுப் படாத பாட்டில். மாமா ஜாடி முழுவதையும் நிதானமாக ஊற்றினார். பாட்டில் கொஞ்சம் வெதுவெதுத்தது. ஒரு குமிழிகூட இல்லை.

அடுத்தது. கால் ஜாடி போயிற்று. ஒன்றுமில்லை. அரை ஜாடி. ஒன்றுமில்லை. இரண்டு பாட்டிலும் அண்ணன் தம்பி போல அமைதியாக நின்றன. கூட்டத்தில் யாரோ சிரித்தார். ஆறுமுகம் அண்ணன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஊற்றுகிற அமிலத்தின் முதல் பாதியை மிச்சக் காரமும் கார்பனேட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிற்பாதியில்தான் வாயு வரும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் அந்தப் படகுத்துறையில் நின்றபோது அந்தப் பதிலை நான் நம்பவில்லை. நாற்காலியும் இடுப்புத் தலையணையும்தான் கண்ணில் தெரிந்தன.

மாமா கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். மிச்சத்தையும் ஊற்றுங்கள் மாமா என்றேன்.

ஊற்றினார். அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. பின்னால் ஒரு சரம். பிறகு பாட்டிலே இரைய ஆரம்பித்தது, சோடாவைத் திறந்தது போல, கழுத்துவரை நுரை. முழு ஜாடி குடித்த முதல் பாட்டில் பக்கத்தில் குளம் மாதிரி நின்றது. கமலா அதற்குள் தீக்குச்சி கிழித்து மாமாவிடம் நீட்டிவிட்டாள். அவர் பாட்டில் வாயில் வைத்தார். கரியமில வாயுவில் தீ நிற்காதே, ஊதாமலே அணைந்தது. இன்னொன்று. அணைந்தது. அமைதியாக இருந்த பாட்டிலில் வைத்துப் பார்த்தார். காற்றுக்கு மறைத்துப் பிடித்த குச்சி அங்கே நிம்மதியாக எரிந்தது. மாமா திரும்பத் திரும்ப வைத்து ஒரு பெட்டித் தீக்குச்சியையும் தீர்த்தார். மீனவர்கள் தங்கள் பெட்டியைக் கொடுத்தார்கள். கமலா தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டாள். அந்தக் கோட்டை நான் பட்டத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

திரும்பும் முன் மாமா படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து, இதை ஊர் முழுக்க உள்ள காற்றுக்குச் செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். எவ்வளவு மின்சாரம்? தெரியாது. யார் வாங்குவார்கள்? தெரியாது மாமா, அதைக் கண்டுபிடிக்கத்தான் போக வேண்டும்.

“மூணு கேள்விக்கு மூணு தடவை தெரியாதுன்னு சொல்றவனைக் கல்லாவுல உட்கார வச்சா என் கடை என்னத்துக்கு ஆகும்?” என்றார். கமலாவிடம் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். மாமாவுக்குக் கணக்கு மின்னல் வேகம், எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டித்தான் வரும். கடிதமெல்லாம் யாராவது எழுத, இவர் சொல்லுவார். அவர் சொல்ல நான் எழுதினேன். காரம் தின்ற விரல் நுனிகள் எரிந்தன.

“மச்சானுக்கு சலாம். நாம் பேசியது ஒத்துவராது. பையன் கல்லாவுக்கு ஆகமாட்டான். என் கண்ணால் பார்த்தேன். அவனை அவன் வேலையில் சேரவிடவும். டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு.”

அடியில் என் பெயரைப் போடு என்றார். காதர் என்று போட்டேன். என் கையெழுத்து அதுவரை அவ்வளவு திருத்தமாக வந்ததே இல்லை.